மடிக்கு நாள் பார்த்த வருஷம்

அக்கா வீட்டில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இதைச் சொன்னால் வில்லியனூர்ப் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பந்தல், பாத்திரத்தோடு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும் அக்கா வீட்டிலிருந்துதான் வாடகைக்குப் போகும். கொட்டகைக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க யாருக்கும் துணிச்சல் வராது. அவிழ்த்து ஒன்றை உருவினால், லோடு ஏற்றும்போது கணக்கு தப்பும், மாமா கத்துவார். அதனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அக்கா ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போடுவாள். வேண்டியவர்கள் என்றால் பாயச அண்டா. வேண்டாதவர்கள் என்றால் சாம்பார் வாளி. வாளி விளிம்பில் அதிக நேரம் உட்கார முடியாது என்பது அவளுக்குத் தெரியும். நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாளில் எனக்கு இரண்டு அண்டாக்கள் கிடைத்தன. ஒன்று உட்கார, இன்னொன்று கட்டுப் போட்ட காலை நீட்டி வைக்க.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு லாரியில் ஏறியவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு தீபாவளியைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன். சூரத்தில் சாயப்பட்டறையில் நின்றேன். கடைசியில் போர்வெல் லாரியில் சேர்ந்து ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தேன். சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் குழாய் நழுவி முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு இரண்டாக முறிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். லாரி அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது, போய்விட்டது. அந்த வேலையில் அப்படித்தான், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. உடன் வேலை செய்தவன் ஒருவன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். விழுப்புரத்தைத் தாண்டி ரயிலில் போயிராதவள், மூன்று ரயில் மாறி வந்து சேர்ந்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் அழவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“கால் ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது. தொட நல்லா கீதாடா?”

பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கேள்விக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் பாப்பா. அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வழக்கப்படி பிள்ளைக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். வயது ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். பாப்பாவின் முதல் வயதில் நான் சூரத்தில் இருந்தேன். மூன்றாம் வயதில் ஊரடங்கு வந்து உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்தது. ஐந்தாம் வயதில் நான் எந்தக் காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. இப்போது ஏழு நடக்கிறது. மாசி மாதம் பிறந்தநாள் வந்தால் எட்டு. எட்டில் குத்த முடியாது. ஒன்பதில் குத்தலாம், ஆனால் ஒன்பதில் இவனை எங்கே போய்த் தேடுவது என்பது அக்காவின் கவலை. ஆகவே கால் முறிந்ததில் அவளுக்கு வருத்தம் பாதி, நிம்மதி பாதி. ரயிலில் வரும் வழியெல்லாம் எதிர் சீட்டுக்காரர்களிடம், “ஓடிக்கினே இருந்தான், ஆண்டவனாப் பார்த்து ஒக்கார வெச்சிட்டாரு” என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

மடி வந்துவிட்டது. இனி ஒரு நாள் பார்த்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். மிஞ்சிப்போனால் ஒரு மாதம், காலும் சேர்ந்துவிடும், கிளம்பிவிடலாம். பந்தல்காரர் வீட்டில் நாள் கிடைப்பது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் எது நல்ல நாளோ அன்றைக்கு அக்காவும் மாமாவும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் குழி தோண்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதத்தில் முகூர்த்தமே இருக்காது. அக்கா இதை ஒரே மூச்சில் சொல்லுவாள்: “ஆடியில நாம இருக்கோம், நாளு இல்ல. ஆவணியில நாளு இருக்குது, நாம இல்ல.”

உண்மையில் ஆடியிலும் அவர்கள் இருந்ததில்லை. ஆடி பிறந்தால் தெருவுக்கொரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஒவ்வொரு கூழுக்கும் ஒரு பந்தல். மதகடிப்பட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் பாய், மாமாவுக்குப் பல வருஷக் கூட்டாளி. அவர் சொந்தத்தில் ஆடியிலும் நிக்காஹ் நடக்கும், அதற்கு நாற்காலி போகும். ஆனியில் தேர். கோடையில் மாதா கோயில் திருவிழா. புரட்டாசியில் கட்சிக்கூட்டங்கள். காலையில் ஆளுங்கட்சி உட்கார்ந்த நாற்காலியில் சாயங்காலம் எதிர்க்கட்சி உட்காரும். கொடித்துணியை மட்டும் மாமா மாற்றிக் கட்டுவார். ஒருமுறை மாற்ற மறந்துபோய், மேடையில் பேசியவர் தன்னைத் திட்டியவர்களின் கொடியின் கீழ் நின்று கடைசிவரை பேசினார். கூட்டத்துக்கு வந்தவர்களும் கவனிக்கவில்லை. இதற்கெல்லாம் நடுவில் சாவு. சாவுக்கு நாளும் கிடையாது, கோளும் கிடையாது. சோற்றில் கை வைக்கும்போது போன் வரும். மாமா எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, “எத்தன மணிக்கு எடுக்கறாங்க?” என்று கேட்பார். எடுக்கிற நேரத்தை வைத்துத்தான் சாமியானா பெரியதா சின்னதா என்று முடிவு செய்வார். வெயிலில் எடுத்தால் பெரியது.

மாமாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. யார் போன் செய்தாலும், தேதியைக் கேட்பதற்கு முன்பே அவர் வாயில் ஒரு வாசகம் வந்துவிடும்: “கவலய வுடுங்க, இது நம்ம வூட்டு பங்சன்.” பாகூரில் ஒரு பேங்க் மேனேஜர் மகள் நிச்சயதார்த்தமும் நம்ம வூட்டு பங்சன். சேதராப்பட்டு கம்பெனி வாசலில் நடந்த ஆயுதபூஜையும் நம்ம வூட்டு பங்சன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழாவுக்கும் அதையே சொன்னார். சொல்லும்போது அவர் பொய் சொல்லுவதில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொள்வார், மணப்பெண் கிளம்பும்போது பெண் வீட்டாரோடு சேர்ந்து கண் கலங்குவார். கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்தது. அண்ணன் அழுத்திச் சொன்னால் கிழியாத துணி, கால் ஆடாத நாற்காலி. அவ்வளவுதான்.

வைகாசியில் அக்கா முதல் நாளைக் குறித்தாள். மாமா சத்தியம் செய்தார். மறுநாளே மதகடிப்பட்டு அரிசி மண்டிக்காரர் வந்து, அதே நாளில் தன் மகனுக்குக் கல்யாணம் என்று தாம்பாளத்தை நீட்டினார். அக்கா சமையலறையிலிருந்து கண்ணால் மாமாவைச் சுட்டாள். மாமா அவள் பக்கம் திரும்பாமல் தாம்பாளத்தைப் பார்த்துச் சொன்னார், “கவலய வுடுங்க.” மிச்சத்தைச் சொல்வதற்குள் உள்ளே ஒரு தட்டு விழுந்தது. மண்டிக்காரர் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் இரண்டாவது நாள். இந்த முறை அக்காவே போனை வாங்கி வைத்துக்கொண்டு வந்த பார்ட்டிகளை விரட்டினாள். இனிப்புக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் மாமாவின் பங்காளி ஒருவர், தொண்ணூறைத் தாண்டியவர், காலையில் டீ குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பங்காளி சாவென்றால் தீட்டு, விசேஷம் செய்யக்கூடாது. காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சாமியானா அவர் வீட்டு வாசலுக்குப் போயிற்று. அக்கா அங்கே ஒப்பாரி வைத்து அழுததைப் பார்த்தவர்கள், பங்காளி வீட்டு மருமகளுக்கு இவ்வளவு பாசமா என்று வியந்தார்கள். அவள் எதற்காக அழுதாள் என்று எனக்கும் பாப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

பாப்பா தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். “மாமா, எங்க க்ளாஸ் பொண்ணு நகைக்கடையில துப்பாக்கி வெச்சு சுட்டுக்கினா. டப்புனு ஒரு சத்தம். முடிஞ்சிது. நாமளும் போலாம் வா.” நியாயமாகத்தான் பட்டது. அக்காவிடம் சொன்னேன். அவள் அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள். “ஊர்ல கீற அத்தன பேரு புள்ளைக்கும் பந்தலு போட்டு, வாழமரம் கட்டி, சீரியல் செட்டு மாட்டி காது குத்த வெக்கிறேன். எம் பொண்ண மட்டும் கடையில நிக்கவெச்சி சுட்டுட்டு வரணுமா? நீ மடிய குடுக்க வந்தியா, யோசன குடுக்க வந்தியா?” அதற்குப் பிறகு நான் யோசனை சொல்லவில்லை.

அவள் கோபத்துக்கு அடியில் இருந்ததை நான் பார்த்தது ஆவணிக் கடைசியில் ஒரு கல்யாணத்தில். ஆள் பற்றாக்குறையால் என்னையும் ஓரமாக உட்காரவைத்துப் பூ கட்டச் சொல்லியிருந்தார்கள். பாப்பா வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். பட்டுப்பாவாடை, இரண்டு சடை, மல்லிகைச் சரம், எல்லாம் இருந்தது. காது மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு பெரிய மனுஷி சந்தனம் எடுத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். “இன்னாடி இது, காது மூளியா கீது? யாரு பொண்ணு?” பந்தல்காரர் பொண்ணு என்று யாரோ சொன்னார்கள். “அப்படியா” என்று அந்த அம்மாள் இழுத்த இழுப்பு சமையல் கொட்டகைவரை கேட்டது. அக்கா அங்கே இலை எண்ணிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. எண்ணியதையே மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். மூளி என்ற சொல்லை அன்றைக்கு அவள் முதல்முறையாகக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ஐப்பசியில் மழை. பாகூர்ப் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாயின. என் கால் சேர்ந்துவிட்டிருந்தது, நடந்தால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். கால் சேர்ந்ததும் என் பழைய நோய் திரும்பியது. காலையில் ரோட்டில் லாரி சத்தம் கேட்டால் என்னால் படுத்திருக்க முடியாது. பழைய கூட்டாளி ஒருவன் போன் செய்து, திரும்ப வர்றியா என்று கேட்டான். நான் சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் நான் பேசிய விதத்திலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் என் பையைக் காணோம். உடுப்பு, ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், என் சொத்து முழுவதும் அதில்தான். அக்காவைக் கேட்டேன். தை மாதம் தருகிறேன் என்றாள். எங்கே ஒளித்தாய் என்றால் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவளே அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பையைக் கொட்டகையில் இருந்ததிலேயே பெரிய அண்டாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அந்த அண்டா விடியும்போதே பாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. மாமா போன் செய்தார். சமையல் மாஸ்டர் எடுத்தார். “ஆமாண்ணே, உள்ள ஒரு பை இருந்திச்சி. நீங்கதான் கரித்துணி குடுத்தனுப்பிச்சீங்கன்னு நெனச்சேன்.” என் இரண்டு கைலிகளும் பிரியாணி அண்டாவை இறக்க உதவியிருந்தன. ஆதார் அட்டையையும் உரிமத்தையும் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்திருந்து கொடுத்தார், அதில் நல்ல மனுஷர். கைலிகள் திரும்பி வந்தபோது அவற்றை உடுத்திக்கொண்டு சத்தீஸ்கர் போக முடியாது என்று ஆகிவிட்டது. மழை முடியும்வரை மாமாவின் வேட்டிகளைக் கட்டிக்கொண்டு, பந்தல் கயிறு முடிச்சுகளைக் கற்றுக்கொண்டேன்.

கார்த்திகை முழுக்கக் கல்யாணம். மார்கழியில் நாள் கிடையாது. தையில் அக்கா மூன்றாவது முறையாக நாள் குறித்தாள். பாகூர் ஏரிக்கரை ஓரத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதை விட்டால் மாசி பிறந்துவிடும், எட்டு பிறந்துவிடும். இந்த முறை அவள் மாமாவை நம்பவில்லை. பாய்க்கு அவளே போன் செய்தாள். காது குத்தும் பத்தருக்கு அவளே வெற்றிலை பாக்கு வைத்தாள். அன்றைக்கு வேறு இரண்டு ஆர்டர்கள் இருந்தன. ஒன்று வில்லியனூரில் கிரகப்பிரவேசம், இன்னொன்று அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வளைகாப்புக்கு ஒரே ஒரு சாமியானாவும் கொஞ்சம் நாற்காலியும். மாமா கிரகப்பிரவேசத்தை முடித்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. பந்தல், வாழைமரம், ஆர்ச், பாத்திரம், சமையல் மாஸ்டர் எல்லாம் குட்டியானையில் முன்கூட்டியே கோயிலுக்குப் போய்விட வேண்டும். குட்டியானை என்பது எங்கள் சின்ன லோடு வண்டி. அதை ஓட்டும் டிரைவருக்கு முந்தின நாளே மாமா சொல்லிவிட்டார். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டாள். “நாளைக்கு நம்ம வூட்டு பங்சன்டா. இருக்கறதுலயே நல்ல சாமானா ஏத்து. ஒரு கொறயும் இருக்கக்கூடாது.”

காலையில் நாங்கள் பாய் வண்டியில் கோயிலுக்குப் போய் இறங்கினோம். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தது. கொக்குகள் இருந்தன. பூசாரி இருந்தார். பந்தல் இல்லை. வழியில் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்று அக்கா சொன்னாள். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பந்தல்காரர் வீட்டு விசேஷம், எப்படியிருக்கும் என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு உட்கார ஒரு கல்கூட இல்லை. பாய் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தார். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, “வருக வருக என வரவேற்கிறோம்” என்று வெட்டவெளியில் முழங்கினார். பூசாரி தேங்காய் உடைத்துப் படையல் போட்டு முடித்தார். பத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா டிரைவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள்.

“எங்கடா இருக்க?”

“பங்சன்லதான்கா இருக்கேன். எல்லாம் சூப்பரா முடிஞ்சிது. மாஸ்டரு பொங்கல் எறக்கிட்டாரு, கேசரி கிண்டறாரு.”

“எந்த பங்சன்ல?”

“நம்ம வூட்டு பங்சன்கா. அபிஷேகப்பாக்கம்.”

“டேய், நம்ம வூட்டு பங்சன் இங்கடா நடக்குது!”

அந்தப் பக்கம் அண்டாவில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. பிறகு நிஜமான குழப்பத்தோடு கேட்டான்: “அக்கா, எந்த நம்ம வூடு?”

பாவம், அவன் மேல் தப்பில்லை. முந்தின நாள் மாமா கோயில் பெயரைச் சொல்லவே இல்லை. வளைகாப்பு வீட்டுக்காரம்மா நாற்காலி கேட்டு வந்த அன்றைக்கு, அவன் முன்னால்தான் மாமா அவளிடமும் அந்த வாசகத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் முழுக்க நூறு வீடுகளைக் காட்டி நம்ம வூடு என்று சொன்னவர், தன் வீட்டுக்குச் சொல்ல வேறு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. வந்திருந்தவர்களில் ஒருத்தி, காதில் விழட்டும் என்றே, “ஊருக்கு பந்தல் போடறவங்க வூட்ல பாரு” என்றாள். பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்லமா, நான் ஒம்பது வயசுல குத்திக்கறேன்” என்றாள். அதைக் கேட்டதும்தான் அக்கா எழுந்தாள். “பத்தரே, இன்னும் எவ்ளோ நேரம் நல்ல நேரம் கீது?” போதுமான நேரம் இருக்கிறது, ஆனால் வண்டி திரும்பி வந்து பந்தல் போட நேரமில்லை என்றார் பத்தர். “பந்தலு இங்க வராட்டி போவுது. நாம பந்தலுக்கு போலாம், ஏறுங்க.” பாய் ஸ்பீக்கரை அவிழ்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தில் குழாய் அப்படியே இருக்க, மைக்கையும் பெட்டி ஸ்பீக்கரையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். “தங்கச்சி, எப்பவும் பங்சனுக்குதான் நாம சாமான் ஏத்தினு போவோம். இன்னிக்கு சாமானுக்கு பங்சன ஏத்தினு போறோம்” என்றார். அக்கா சிரிக்கவில்லை.

வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். போய் இறங்கினதும் அந்தப் பந்தலைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. எனக்கு அந்த வளைகாப்புப் பெண்ணை நினைத்துக் கவலையாக இருந்தது. அபிஷேகப்பாக்கத்தில் வயலுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டு வீடு. அதன் வாசலில் எங்களுடைய முழுப் பந்தலும் அரண்மனை மாதிரி நின்றது. இரண்டு பக்கம் குலை தள்ளிய வாழை. பூ ஆர்ச். புதுச் சாமியானா. மேலே “காதணி விழா” என்று தங்க எழுத்தில் ஒரு பேனர். அதைப் பார்த்து அந்த வீட்டார் என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை. பேனரைக்கூட அவிழ்க்காமல், கீழே வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது.

அக்கா புடவையை வரிந்துகொண்டு இறங்கினாள். வாசலில் அந்த வீட்டுக்காரம்மா நின்றிருந்தாள். விவசாயக் கூலிக்குப் போகிறவள், மெலிந்த கை, வாய் கொள்ளாத சிரிப்பு. யார் எவர் என்று கேட்கவில்லை. ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளிலும் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, “வாம்மா, மொதல்ல பொண்ணுக்கு வளையல் போட்டுட்டு சாப்பிட ஒக்காரு” என்று இழுத்தாள். அக்கா அப்படியே நின்றாள். எத்தனையோ பந்தல் போட்ட அவள் கையில் ஒரு பந்தல் வாசலில் யாரும் சந்தனம் தடவியதில்லை. வேலையாட்களுக்கு யாரும் தடவ மாட்டார்கள். திட்ட வாய் திறந்தவள், கையை முகர்ந்து பார்த்தாள்.

பாய்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் வாடியது. “அதானே பார்த்தேன். ஒரு சாமியானா கேட்டா இவ்ளோ பெருசா போட்டாங்களேன்னு. அண்ணன் நம்ம வூட்டு பங்சன்னு சொன்னாரு, சரி, நல்ல மனுஷன், நம்ம மேல பாவப்பட்டு செய்றாருன்னு நெனச்சிட்டேன்.” நிமிர்ந்து நின்று, மகளைக் கூப்பிட்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னாள். “எம் பொண்ணுக்கு போட்டதெல்லாம் போட்டாச்சு. நல்ல நேரம் போவறதுக்குள்ள புள்ளைய ஒக்கார வைங்க.”

“வோணாம், வோணாம். வயித்துப்புள்ளக்காரிய எழுப்பாதீங்க” என்றாள் அக்கா. கொஞ்சம் முன்பு பந்தலையே பிரிக்க வந்தவள். “அது ஒக்காந்திருக்கட்டும். பக்கத்துல ஒரு சேரு போடுங்க, போதும்.”

அப்படித்தான் நடந்தது. கை நிறையக் கண்ணாடி வளையலோடு நிறைமாதத்துக்காரி ஒரு நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் நான், என் மடியில் பாப்பா. வருஷம் முழுக்கக் காது குத்து காது குத்து என்று உயிரை எடுத்தவள், பத்தரின் ஊசியைக் கண்டதும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, “துப்பாக்கியே போதும்” என்று அலறினாள். பத்தர் காது மடலில் சந்தனப் பொட்டால் அடையாளம் வைப்பார், அவள் தலையை ஆட்டி அழிப்பாள். கடைசியில் அந்த வளைகாப்புப் பெண்தான் அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். “உள்ள இருக்கற பாப்பா ஒத ஒதன்னு ஒதைக்குது பாரு.” பாப்பா அலறலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கவனித்தாள். பத்தர் வலது காதை முடித்துவிட்டார். பாய் பெட்டியைப் பிளக்கில் சொருகி, “தாய்மாமன் அழக்கூடாது” என்று மைக்கில் சொன்னார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊர் மொத்தமும் சிரித்தது.

இடது காதுக்கு ஊசி வைக்கும்போது மாமாவின் பைக் வந்தது. கோயிலுக்குப் போய், மரத்தில் தொங்கும் குழாயைப் பார்த்து, பூசாரியிடம் கேட்டு, அங்கிருந்து ஓட்டி வந்திருக்கிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் கண்ணில் முதலில் பட்டது பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தவர்கள். “இன்னாபா, சேரு பத்தலையா?” என்று கேட்டுவிட்டுத்தான் முன்னால் பார்த்தார். பெண்ணின் காதில் ஒரு பொட்டுத் தங்கம். அவர் வாய் தானாக வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பியது. “கவலய வுடுங்க, இது நம்ம...” அதற்கு மேல் வரவில்லை. அக்கா பார்த்த பார்வையில் அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். எங்கள் அண்டாவில் வெந்த சோற்றை அவர்கள் வீட்டார் பரிமாறினார்கள். மாமா இரண்டு முறை எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கப் போனார். இரண்டு முறையும் அக்கா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் மட்டும் நிதானமாக, யாரோ தன் இலையில் போட்டதை, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ஆவணியில் சாவு வீட்டில் அழுதவளும் ஏரிக்கரையில் தரையில் உட்கார்ந்தவளும் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வாரமே நான் கிளம்பினேன். அக்கா தடுக்கவில்லை. புதுக் கைலி இரண்டு எடுத்துக் கொடுத்தாள். மதகடிப்பட்டு ரோட்டில் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “வேல முடிஞ்சிது, இனிமே எங்க வேணா சுத்து” என்றாள். நான் திரும்பவும் போர்வெல் லாரியில்தான் இருக்கிறேன், இப்போது குழாய் தூக்குவதில்லை, வண்டி ஓட்டுகிறேன். அக்கா வீடு மாறவில்லை. போன் செய்தால் பின்னால் யாரோ நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பார்கள். மாமா இப்போது பார்ட்டிகளிடம் “உங்க வூட்டு பங்சன நல்லா செய்றோம்” என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாராம். பாதி நாள் மறந்துவிடுகிறதாம்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அந்த அபிஷேகப்பாக்கத்துப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு ஒரு வயதாகிறது, காது குத்தப் போகிறார்கள். அந்தப் பெண் வீட்டுக்கு ஒற்றைப் பெண், உடன்பிறந்த ஆண் கிடையாது. “தாய்மாமன் மடி வோணுமே, பங்காளி புள்ள யாரையாவது ஒக்கார வைங்கன்னு சொன்னேன்டா. அந்தப் பொண்ணு ஒத்துக்கல. அன்னிக்கு பக்கத்துல ஒக்காந்துக்கினு அழுதுச்சே ஒரு அண்ணன், அதுதான் வோணும்னுது. வெறுங்கையோட வந்து நிக்காத. தாய்மாமன் சீரு, பட்டுப்பாவாடை எடுத்துக்கினு வா.”

லீவு சொல்லிவிட்டேன். இன்று ராய்ப்பூரில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். குழந்தை உங்களுக்கு என்ன உறவு என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். அதற்கு எனக்கு எந்த மொழியிலும் வார்த்தை தெரியவில்லை. சரி, குழந்தை எவ்வளவு பெரிது என்று கேட்டார். நான் அதைப் பார்த்ததே இல்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, என் மடிக்கு மேலே கையை நிறுத்தி, இவ்வளவு இருக்கும் என்று காட்டினேன்.